கரையில் நின்ற மாப்பிள்ளை

காப்பெல், டெக்சஸ்
9 நவம்பர் 2024

அம்மிணி வெண்பாவுக்கு,

எல்லாம் நான் அன்றைக்கே சொன்னேன். போன ஏப்ரலில் நீயும் மாப்பிள்ளை ரஞ்சித்குமாரும் வீடியோ காலில் ஒரு படகைக் காட்டி, "கல்யாணமாகி ஏழு வருஷம் ஆச்சு மாமா, துருக்கிக் கரையோரமா பத்து நாள் நாங்களே பாய்மரப் படகு ஓட்டிட்டுப் போறோம்" என்றபோதே என் இடது கண் துடித்தது. அப்போதே மூன்று விஷயம் சொன்னேன். படகு கல்லில் மோதும். மாப்பிள்ளை உன்னைக் கைவிடுவார். திரும்பி வந்து இரண்டு பேரும் இரண்டு வீட்டில் இருப்பீர்கள். மூன்றும் நடந்துவிட்டது. நான் சொன்னதை யாரும் ரெக்கார்டு பண்ணி வைக்கவில்லை என்பது ஒன்றுதான் குறை.

நீ போன் எடுப்பதில்லை. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலிருந்தும் வெளியேறிவிட்டாய். ஆகவே திருமூர்த்தியின் பிரிண்டரிலிருந்து தாளை உருவி எழுதுகிறேன். இதற்கும், "அப்பா, அவளே நொந்து போயிருக்கா, சும்மா விடுங்க" என்கிறான். பெற்ற மகன் பேசுகிற பேச்சா? உன் மாமன் எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் மட்டும் நாலு மார்க்கில் போனவன். தமிழில் நான் எழுதிய கட்டுரையைக் கேட்டு ஹெட்மாஸ்டரே அழுதிருக்கிறார்.

நீ படித்தவள், ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். மத்தியதரைக் கடல் என்பது நாலு பக்கமும் தரையால் அடைபட்ட கடல். அதன் அலைக்குப் போக்கிடம் இல்லை. போன அலை திரும்பி வந்து அடிக்கும், அது திரும்பி வந்து மறுபடி அடிக்கும். தூத்துக்குடியில் தோணியில் மூன்று வருஷம் கடலைப் பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். அந்த மாதிரிக் கடலுக்குப் பெண்டாட்டியைக் கூட்டிப் போகிறவனுக்குப் பெண்டாட்டி மேல் அக்கறை இல்லை.

போன சனிக்கிழமை இங்கே தீபாவளி கெட்-டுகெதரில் உன் கதையைத்தான் சொன்னேன். கோபுரம் உயரத்துக்கு அலை வந்தது. படகு இரண்டாகப் பிளந்தது. நீ ஒற்றைக் கையால் பாய்மரத்தைப் பிடித்துத் தொங்கினாய். மாப்பிள்ளையோ கரையில் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் பத்மநாபன் குலாப் ஜாமூன் கிண்ணத்தை அப்படியே கீழே வைத்துவிட்டார். அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜனவரி 16-ஆம் தேதியோடு விவாகரத்து முடிவாகிவிடும் என்று உன் அம்மா கலாவதி ஈரோட்டிலிருந்து சொன்னாள். அவளுக்கு வருத்தம்தான். "எங்கண்ணன் மட்டும் மாப்பிள்ளைகிட்ட வாயைப் புடுங்கலைன்னா எம் பொண்ணு இன்னும் அந்தக் கோழைக்கு சோறாக்கிப் போட்டுட்டு இருப்பா" என்றாள். இதைப் பெருமைக்காக எழுதவில்லை. அவள் சொன்னதால் எழுதுகிறேன்.

ஹூஸ்டனில் ஒரு நல்ல வரன் இருக்கிறது. தண்ணீரென்றால் குடிப்பதோடு சரி.

மாமன்
சேனாபதி


சன்னிவேல், கலிபோர்னியா
17 நவம்பர் 2024

மாமா,

எனக்கு வரன் பார்க்க வேண்டாம். என் கதையை யாருடைய தீபாவளிக்கும் சொல்ல வேண்டாம்.

நான் போன் எடுக்காததற்குக் காரணம் இருக்கிறது. போனில் நீங்கள் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி சொல்வீர்கள். தாளில் எழுதினால் எழுதினதுதான். ஆகவே இனியும் போன் பண்ணாதீர்கள், எழுதுங்கள். கேட்கப் போகிற கேள்விக்கு எனக்கு எழுத்தில்தான் பதில் வேண்டும்.

முதலில் நடந்ததை நான் எழுதுகிறேன். அன்றைக்கு அலையே இல்லை. மலைக்கு நடுவில் குளம் மாதிரி ஒரு குடா, கரை வரைக்கும் பைன் மரங்கள். அந்தப் பக்கத்தில் எல்லாரும் ஒரே மாதிரிதான் படகை நிறுத்துவார்கள். முன்பக்கம் நங்கூரத்தை இறக்குவார்கள். பிறகு பின்னாலேயே கரைப்பக்கம் வந்து, ஒருவர் சின்ன ரப்பர் படகில் இறங்கிப் போய்ப் பாறையில் கயிற்றைக் கட்டுவார். இன்னொருவர் பெரிய படகில் நின்று கயிற்றை விட்டுக் கொடுக்க வேண்டும். எட்டு நாளும் ரஞ்சித் கட்டினார், நான் விட்டுக் கொடுத்தேன். ஒன்பதாம் நாள் எனக்குத் தலை சுற்றல். "நீ கீழ போய்ப் படு, நான் பாத்துக்கறேன்" என்றார். படுத்தேன்.

மலை மேலிருந்து திடீரென்று காற்று இறங்கியது. நங்கூரம் பிடி விட்டுப் படகு பக்கவாட்டில் போய்ப் பாறையில் மோதியது. நான் படகு அடுப்பின் முனையில் விழுந்தேன். மணிக்கட்டு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்தால் படகில் ஒருவரும் இல்லை. ரஞ்சித் கரையில் நின்றுகொண்டிருந்தார். நாற்பதடி தூரம். கையில் ஒன்றுமில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்துப் படகிலிருந்த ஒரு ஜெர்மன்காரரும் அவர் மனைவியும்தான் வந்து என்னை இறக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் கேட்டேன். "எதுக்கு எறங்குனே?"

"கயிறு கட்ட."

"கயிறு எங்க? நான் பாக்கறப்ப ரெண்டு கையும் சும்மா இருந்துச்சே?"

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப நீயே முடிவு பண்ணிக்க" என்றார். அதற்கப்புறம் இரண்டு விமானம் மாறி வீடு வரும் வரைக்கும் நாங்கள் பேசவில்லை. வந்த பிறகும் பேசவில்லை.

அதனால்தான் உங்களைக் கேட்டேன். நம் பக்கத்தில் புருஷன் பெண்டாட்டிக்குள் மனஸ்தாபம் என்றால் முதலில் தாய்மாமன் போய் மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும், பிறகுதான் மற்றவர்கள் வாய் திறக்கலாம் என்று நீங்கள்தான் சொல்வீர்கள். ஜூன் 20-ஆம் தேதி, ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன். ஏன் இறங்கினார் என்று. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிட்டீர்கள். "கேட்டுப்போட்டேன் அம்மிணி. 'உசிர் பயம் மாமா, காலு தானா எறங்கிருச்சு'ன்னு தேம்பித் தேம்பி அழுதாரு" என்றீர்கள்.

அடுத்த சனிக்கிழமை பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். "எதுக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போ" என்று ரஞ்சித் மெசேஜ் பண்ணினார். மாமாவிடம் அழுதுவிட்டு என்னிடம் நடிக்கிறார் என்று நினைத்தேன். அவர் பயந்ததைவிட அந்த மெசேஜ்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது. அன்றைக்கே வக்கீலைக் கூப்பிட்டேன்.

போன வாரம் என்னுடைய மிச்சச் சாமான்களைக் கொண்டுவந்து கொடுத்தார். குக்கரை வாசலில் வைத்துவிட்டு நின்றார். எனக்குத் தாங்கவில்லை. "மாமாகிட்ட சொன்னதை என்கிட்டயே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"எந்த மாமா?"

"டெக்சஸ் மாமா."

"ஏப்ரல்ல அந்த வீடியோ காலுக்கு அப்புறம் அவர்கிட்ட நான் பேசவே இல்ல, வெண்பா."

அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை என்று சொல்லவில்லை. எனக்குத் தெரியவில்லை. ஆகவே எழுதுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, யார் யாரைக் கூப்பிட்டது, அவர் சொன்ன வார்த்தை என்ன.

வெண்பா


காப்பெல்
25 நவம்பர் 2024

அம்மிணி,

கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் நிறுத்துகிற மாதிரி மாமனை நிறுத்திவிட்டாய். இருக்கட்டும். முகூர்த்தத்தன்று உன் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வந்தவன் நான்.

எழுதிக்கொள். ஜூன் 22, சனிக்கிழமை, காலை பதினொன்று. திருமூர்த்தியும் மருமகளும் பேத்தியை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். நான் பின்பக்கம் முருங்கைக்கு வைக்கோல் மூடிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் சொந்த நம்பருக்கு நான்தான் அடித்தேன். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார். நாற்பது நிமிஷம் பேசினார். முதலில் வீம்புதான். "மாப்பிள்ளை, நான் கடலைப் பாத்தவன், எங்கிட்ட மறைக்காதீங்க" என்று ஒரு அதட்டு அதட்டினேன். உடைந்துபோய்விட்டார். "மாமா, உசிர் பயம், காலு தானா எறங்கிருச்சு. அவ மொகத்துல எப்படி முழிப்பேன்"னு சின்னப் பையன் மாதிரி அழுதார். நானும் அழுதேன். முருங்கைக்குக் கண்ணீராலேயே தண்ணீர் பாய்ந்தது.

இன்றைக்கு அவர் "எந்த மாமா" என்கிறாரா? என்னை அவர் எப்போது மாமாவாக மதித்தார்? உங்கள் சன்னிவேல் வீட்டுக் கிரகப்பிரவேசத்தை நினைத்துப் பார். ஐம்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தோணிக் கதையைப் பாதி சொல்லிக்கொண்டிருந்தேன். உன் புருஷன் தயிர்சாதத் தட்டோடு வந்து, "மாமா, ஊரு பவானின்னு சொன்னீங்க. இந்தக் கப்பல் ஆத்துல கூடுதுறையில கிளம்பி எங்க போச்சு, ஈரோட்டுக்கா?" என்றார். அவர் ஆபீஸ் பையன்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒருத்தனுக்குப் புரை ஏறிவிட்டது. நீயும் சிரித்தாய், அம்மிணி. வாயை மூடிக்கொண்டு சிரித்தாய், ஆனால் சிரித்தாய்.

நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

மாமன்
சேனாபதி


சன்னிவேல்
5 டிசம்பர் 2024

மாமா,

சிரித்தது தப்புதான். மன்னித்துவிடுங்கள். இதை அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

இப்போது நான் இரண்டு விஷயம் எழுதுகிறேன். கோபப்படாமல் படியுங்கள்.

ரஞ்சித்தின் போன் அன்றைக்கே அந்தக் குடாவில் விழுந்துவிட்டது. ஊர் திரும்பியும் அவர் புதுசு வாங்கவில்லை. யாரோடும் பேசப் பிடிக்காமல் ஆபீஸ் லேப்டாப்போடேயே கிடந்தார். புது போன் கூரியரில் வந்தது ஜூன் 26, புதன்கிழமை. அவர் ஆபீஸில் இருந்தார். கட்டுப் போட்ட கையைத் தாங்கிக்கொண்டு நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கி மேசையில் வைத்தேன். இதை இத்தனை நாள் நான் எப்படி யோசிக்காமல் இருந்தேன்? யோசிக்க வேண்டாம் என்று இருந்திருப்பேன். நீங்கள் சொல்லுகிற 22-ஆம் தேதி அந்த நம்பர் கடலுக்கு அடியில் இருந்தது. இரண்டாவது ரிங்கில் யார் எடுத்தது?

அடுத்தது அந்த வார்த்தை. "காலு தானா எறங்கிருச்சு." உங்கள் கடிதத்தில் அதைத் திரும்பப் படித்தபோது எங்கேயோ கேட்டமாதிரி இருந்தது. எனக்குப் பத்து வயதிருக்கும்போது கோடை லீவில் நீங்கள் சொன்ன தோணிக் கதையில், கரை தெரிந்ததும் ஒருவன் தண்ணீரில் குதித்து நீந்திப் போய்விடுவான். ஏன்டா விட்டுட்டுப் போனே என்று கேட்டால் அவன் சொல்கிற பதில் இதேதான். ரஞ்சித் கோயமுத்தூரில் கான்வென்டில் படித்தவர். "எறங்கிருச்சு" என்று அவர் பேசி நான் கேட்டதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் அவருடைய உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து சிவந்திருந்தது. பாறையில் ஏறும்போது கிழித்திருக்கும் என்று நினைத்தேன். பாறை கிழித்தால் கோடு கோடாக இருக்கும். அது வழித்து எடுத்த மாதிரி இருந்தது.

ஜனவரி 16 வரைக்கும் நேரம் இருக்கிறது. அதற்குள் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் கேஸ் நின்றுவிடும். போன வாரம் அவர் கேட்டார். "ஒரு தடவை உக்காந்து பேசலாமா? நின்னுக்கிட்டே எவ்வளவு நாள் பேசறது?" பிறகு சொல்கிறேன் என்றேன். உங்கள் பதிலுக்காக நிற்கிறேன்.

மாமா, இந்தத் தடவை முருங்கை மரம் வேண்டாம். நாற்பது நிமிஷம் வேண்டாம். அவர் உங்களிடம் சொன்னாரா, இல்லையா? ஒரே வார்த்தை. நீங்கள் எழுதுவதை நான் நம்புவேன். அதற்கப்புறம் உங்களை இதைப் பற்றிக் கேட்க மாட்டேன்.

வெண்பா


காப்பெல்
14 டிசம்பர் 2024

அம்மிணி,

மாப்பிள்ளையின் நம்பர் என்று எழுதியது என் ஞாபகப் பிசகு. அது வேறு யாருடைய நம்பராகவோ இருக்கலாம். ஆபீஸ் நம்பராகவும் இருக்கலாம். அறுபத்தெட்டு வயதில் எனக்குப் பத்து நம்பர் ஞாபகம் இருப்பதே பெரிய விஷயம் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். வார்த்தை ஒன்றாக இருந்தால் என்ன? பயந்த ஆள் எவனும் ஒரே மாதிரிதான் பேசுவான்.

நீ ஒரு வார்த்தை கேட்டாய். தாய்மாமன் சொல்கிறேன்.

சொன்னார்.

சேனாபதி


சன்னிவேல்
22 டிசம்பர் 2024

மாமா,

கடிதம் கிடைத்தது.

ரஞ்சித் நேற்று வந்தார். உட்காரச் சொன்னேன். நீங்கள் எழுதிய மூன்று கடிதங்களையும் எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். முருங்கை மரம் வரும் இடத்தில் நிறுத்திவிட்டு மேலே படித்தார். கடைசிக் கடிதத்தைப் படிக்க அதிக நேரம் ஆகவில்லை. மூன்றையும் பழைய மடிப்பிலேயே மடித்து என்னிடம் கொடுத்தார்.

"நீ எதை நம்பறே?" என்றார்.

"மாமா சத்தியம் பண்ணாத குறையா எழுதியிருக்கார்" என்றேன்.

"நான் கேட்டது அது இல்ல."

நான் கடிதங்களைக் கவருக்குள் போட்டேன். எழுந்து ஷூ போட்டுக்கொண்டார். நியூஜெர்சியில் வேலை கிடைத்திருக்கிறதாம், ஜனவரி முதல் வாரமே போகிறாராம். கேஸை நிறுத்துவதைப் பற்றி அதற்கப்புறம் அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நீங்கள் சொன்னபடியே எல்லாம் நடக்கும். இனி எனக்கு எழுத வேண்டாம்.

வெண்பா


காப்பெல்
19 ஜனவரி 2025

அம்மிணி வெண்பாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். மூன்று நாளைக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது என்று கலாவதி சொன்னாள். பொங்கலுக்கு நீ அவளுக்குப் போன்கூடப் பண்ணவில்லையாம். இந்தக் கவரைப் பிரிக்காமல் நீ குப்பையில் போடுவாய் என்றும் எனக்கு முன்பே தெரியும். ஆனாலும் எழுதுகிறேன்.

நேற்று மாலை ஆறு நாற்பதுக்கு மாப்பிள்ளை எனக்குப் போன் பண்ணினார். நியூஜெர்சியில் பிரிட்ஜ்வாட்டர் என்கிற ஊரில் கோவிலுக்குப் பக்கத்தில் வீடு எடுத்திருக்கிறாராம்.

"மாமா, ரஞ்சித் பேசறேன். உங்க லெட்டரெல்லாம் படிச்சேன். நல்லா எழுதறீங்க."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"நான் உங்களுக்குப் பண்ற மொத போன் இது. டேட்டு, டைம் எல்லாம் குறிச்சு வெச்சுக்கங்க மாமா. பின்னால யாராச்சும் கேட்டா சொல்லணும்ல."

கிண்டல்தான். ஆனால் குரலில் சிரிப்பு இல்லை. கிரகப்பிரவேசத்தன்று மாதிரி ஊரைச் சிரிக்க வைத்திருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. எதற்குக் கூப்பிட்டார் என்று அவரே சொன்னார். வெண்பாவுக்கு இடது கையில் இரண்டு விரல் முழுசாக மடங்குவதில்லை, பிசியோதெரபியைப் பாதியில் விட்டுவிட்டாள், நான் சொன்னால் கேட்க மாட்டாள், நீங்கள் சொன்னால் கேட்பாள், போகச் சொல்லுங்கள் என்றார். "நீங்க சொன்னா நம்புவா" என்றார். அதை இரண்டு தடவை சொன்னார்.

வைக்கப் போனவரை நிறுத்திக் கேட்டேன். ஜூன் மாதம் நீ கேட்கச் சொன்ன கேள்வியை நேற்றுத்தான் கேட்டேன்.

"எதுக்கு மாப்பிள்ளை எறங்குனீங்க?"

"கயிறு கட்டத்தான் மாமா. வேற எதுக்கு? பாறையில ஒரு சுத்து சுத்தறதுக்குள்ள காத்து இழுத்துடுச்சு. விடாமப் பிடிச்சுப் பாத்தேன். படகு ஆறு டன்னு. கயிறு கையை உரிச்சுட்டு தண்ணிக்குள்ள போயிடுச்சு. அவ மேல ஏறி வந்து பாக்கறப்ப என் கையில ஒண்ணுமில்ல. என்ன பண்றதுன்னு எனக்கே தெரியல. நின்னேன்."

"இதை அவகிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"அவ கேக்கறப்பவே நம்பலைன்னு மூஞ்சியில தெரிஞ்சுது. கையை விரிச்சுக் காட்டி நம்ப வைக்கணுமா? அப்ப அப்படித்தான் தோணுச்சு. உங்க லெட்டரப் படிக்கறப்ப, காட்டியிருக்கலாம்னு தோணுச்சு." அவரே பேச்சை முடித்தார். "சரி மாமா. பிசியோ மறந்துடாதீங்க."

இதில் ஒரு எழுத்துகூட நான் சேர்க்கவில்லை. ஆனால் இதை நான் உனக்குச் சொன்னால் நீ ஏன் நம்ப வேண்டும்? அதனால் என் போனைத் திருமூர்த்தியிடம் கொடுத்து, அந்தக் கால் பதிவான பக்கத்தைப் படம் எடுத்துப் பிரிண்ட் போடச் சொன்னேன். இத்துடன் வைத்திருக்கிறேன். ஜனவரி 18, மாலை 6.40, ஒன்பது நிமிஷம். பார்த்துக்கொள்.

பிரிண்ட் போட்டுக்கொண்டே அவன் கேட்டான். "அப்பா, ஜூன்ல அவர் அழுதார்னு சொன்னீங்களே, அதையும் சேத்து அனுப்பிடலாமா? போன் பில்லுல இருக்கும்." வேண்டாம் என்றேன். அவன் அதற்குள் கம்ப்யூட்டரில் ஜூன் மாதத்து பில்லைத் திறந்துவிட்டான். மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தான். மறுபடி பார்த்தான். பிறகு பில்லை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

அந்த சனிக்கிழமை நான் ஒரு தடவை அடித்தேன் அம்மிணி. போன் அணைத்திருக்கிறது என்று வெள்ளைக்காரி சொன்னாள். என் நம்பரைப் பார்த்துவிட்டுத்தான் அணைத்துப்போட்டார் என்று நினைத்தேன். தாய்மாமன் கேட்டும் மாப்பிள்ளை போன் எடுக்கவில்லை என்று உன்னிடம் எந்த வாயால் சொல்வது? பேசிவிட்டேன் என்றேன். அதோடு நின்றிருக்கும். நீ உடனே "என்ன மாமா சொன்னாரு?" என்று கேட்டாய்.

மாப்பிள்ளை என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அழவும் இல்லை. அதை நான்தான் சொன்னேன்.

சேனாபதி